ஐம்பதாவது நிமிஷம்: நெவில் டிசோசாவின் கதை

ஆடி மாசத்துல நம்ம ஹாஸ்டல் கிரவுண்டுல ஃபுட்பால் ஆடிப் பாத்திருக்கீங்களா? மேற்க பாத்து கோல் கிக் அடிச்சா, பந்து பாதி தூரம் போய் அந்தரத்துல நின்னு யோசிச்சுட்டு, அடிச்சவன்கிட்டயே திரும்பி வரும். கம்பம் பள்ளத்தாக்குக் காத்து காத்தாடி கம்பெனிக்காரங்களுக்கு வரம், நம்ம கோல்கீப்பர்களுக்குச் சாபம். அப்படி ஒரு காத்துல மெக்கானிக்கல் தேர்ட் இயர் பையன் ஒருத்தன் மூணு கோல் போட்டுட்டான். அன்னைக்கு ராத்திரி மெஸ்ஸுல பரோட்டாவைப் பிச்சுக்கிட்டே பேச்சு எங்கெங்கயோ போய், இந்தியாவுக்காக ஹாட்ரிக் போட்டவங்க யார் யாருன்னு வந்து நின்னுச்சு. எல்லார் வாயிலயும் ஒரே பேரு, சுனில் சேத்ரி. ஒருத்தன் மட்டும் விஜயன் பேரைச் சொன்னான், அவன் போடிமெட்டுக்கு அங்கிட்டு இருந்து வந்தவன். அதுக்கு மேல யாருக்கும் தெரியல. எனக்கும்தான்.

ரூமுக்கு வந்து தேடுனப்பதான் நெவில் டிசோசா கிடைச்சார். விடிய விடியப் படிச்சேன். அடுத்த நாள் இன்டெர்னல்ல என்ன ஆச்சுங்கறது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாதது.

முதல்ல ஹாட்ரிக்கைப் பத்தி ஒரு வார்த்தை. அது ஃபுட்பால்ல பிறந்த சொல்லே இல்ல. 1858-ல் இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல ஒரு கிரிக்கெட் மேட்ச்சுல, ஸ்டீபன்சன்னு ஒரு பௌலர் அடுத்தடுத்து மூணு பந்துல மூணு விக்கெட் எடுத்தார். சுத்தி இருந்தவங்க காசு வசூல் பண்ணி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தாங்க. அங்க ஆரம்பிச்ச வார்த்தை, பிறகுதான் ஃபுட்பாலுக்கு வந்துச்சு. நெவில் டிசோசாவுக்கு அந்தத் தொப்பி கூடக் கிடைச்ச மாதிரி தெரியல.

நெவில் பிறந்தது 1932-ல், கோவாவின் அசகாவோங்கற ஊர்ல. அப்போ கோவா போர்ச்சுகல் கையில இருந்தது, 1961 டிசம்பர் வரைக்கும் அது இந்தியா கிடையாது. அதாவது அவர் இந்தியச் சட்டை போட்டு ஒலிம்பிக்ல கோல் அடிச்சப்போ, அவர் பிறந்த ஊர் இன்னொரு நாட்டோட ஆட்சியில இருந்துச்சு! ஆட்டமும் பிழைப்பும் பம்பாயில. டாடா ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு ஆடினார். இன்னைக்கு மாதிரி ஏலமோ கோடிகளோ கிடையாது. அந்தக் காலத்துல கம்பெனி டீம்தான் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது. ஒலிம்பிக்கும் அமெச்சூர் ஆட்டக்காரங்களுக்கானது, சம்பளத்துக்கு ஆடுறவனுக்கு அங்க இடமில்ல. நெவிலோட தம்பி டெரிக்கும் பின்னாடி இந்தியாவுக்கு ஆடினவர்.

1956-க்குப் போறதுக்கு முன்னாடி, அதுக்கு முந்தின ரெண்டு ஒலிம்பிக்கை ஒரு பார்வை பாத்துட்டுப் போகணும். அப்பதான் நெவில் பண்ணினதோட கனம் புரியும்.

1948 லண்டன். நம்மாளுங்க பெரும்பாலும் வெறுங்கால். பிரான்ஸ்கிட்ட 2-1-னு தோத்தோம். அந்த ஒரு கோலை அடிச்சவர் சாரங்கபாணி ராமன். அந்த மேட்ச்சுல கிடைச்ச ரெண்டு பெனால்டியும் வீணாப் போச்சு, இல்லாட்டி கதையே வேற. 1952 ஹெல்சின்கி. குளிர்ல மறுபடியும் பெரும்பாலானவங்க வெறுங்காலோட இறங்கினாங்க. எதிர்ல யூகோஸ்லாவியா. ரிசல்ட் 10-1. ஆமா, பத்து. அதுக்கப்புறம்தான் பூட்ஸ் போட்டே ஆகணும்னு நம்ம ஃபெடரேஷன் கட்டாயமாக்குச்சு.

அந்தப் பத்து கோலை வாங்கினப்பவும், நாலு வருஷம் கழிச்சு மெல்போர்ன் போனப்பவும் கோச் ஒருத்தர்தான். சையத் அப்துல் ரஹீம். மைதான் படம் பாத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஹைதராபாத்துல ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர். அவர் ஏத்திக்கிட்டுப் போன டீமைப் பாருங்க. கேப்டன் சமர் பானர்ஜி, எல்லாரும் பத்ருன்னு கூப்பிடுவாங்க, டாக்டருக்குப் படிச்சவர். ரைட் விங்ல இருபது வயசு பி.கே. பானர்ஜி. செகந்திராபாத்ல தமிழ்க் குடும்பத்துல பிறந்த துளசிதாஸ் பலராம், அவரும் அதே வயசுதான். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெலிங்டன்ல இருக்கே மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், அதோட ஆளு. ஆறடிக்கு மேல உயரம். நடுவுல சென்டர் ஃபார்வர்டா 24 வயசு நெவில்.

அந்த 1956-ஓட கடைசி மாசங்கள் நம்ம பக்கத்துல எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன். தேனி அப்போ மதுரை மாவட்டம். நவம்பர் 1-ஆம் தேதிதான் மொழிவழி மாநிலங்கள் பிரிஞ்சு, தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போச்சு. கம்பம், கூடலூர், போடி டீக்கடைகள்ல வேற எதைப் பேசியிருப்பாங்க? டிவி நம்ம நாட்டுக்கு வர்றதுக்கே இன்னும் மூணு வருஷம் இருந்துச்சு. மெல்போர்ன்ல ஒருத்தர் கோல் அடிக்கிறதைப் பாக்க இங்க யாருக்கும் வழியே கிடையாது, பேப்பர்ல வந்தா உண்டு.

உலகமும் அந்த மாசம் அமைதியா இல்ல. ஹங்கேரியில புரட்சி வெடிச்சு, சோவியத் டாங்குகள் புடாபெஸ்டுக்குள்ள நுழைஞ்சிருந்த நேரம். ஒலிம்பிக்ல நம்ம முதல் மேட்ச் அதே ஹங்கேரியோடதான். அவங்க ஃபுட்பால் டீம் வரல. நமக்கு வாக்ஓவர். நேரா குவார்ட்டர் ஃபைனல். மொத்தமே பதினோரு டீம்தான் ஆடின போட்டி அது. இதைச் சொல்லாம விட்டா கட்டுரை நல்லா இருக்கும், ஆனா நேர்மையா இருக்காது. எதிரே நின்ன ஆஸ்திரேலியாவும் யூகோஸ்லாவியா மாதிரி பெரிய டீம் இல்லதான். ஆனா போட்டியை நடத்துற நாடு, சொந்த மண்ணு, ஜப்பானை 2-0-னு அடிச்சுட்டு வந்திருந்தாங்க. நாம பூட்ஸுக்கு மாறியே நாலு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

டிசம்பர் 1, சனிக்கிழமை. ஒலிம்பிக் பார்க் ஸ்டேடியம்.

ஒன்பதாவது நிமிஷம். பத்ரு அடிச்ச ஷாட் கோல் போஸ்ட்ல பட்டுத் திரும்புது. திரும்பின பந்துக்கு முதல்ல போய்ச் சேர்ந்தது நெவிலோட தலை. 1-0.

பதினேழாவது நிமிஷத்துல ஆஸ்திரேலியாவோட புரூஸ் மாரோ சமன் பண்ணிட்டார். 1-1.

முப்பத்து மூணாவது நிமிஷம். ரைட் விங்ல இருந்து பி.கே. பந்தை உள்ள அனுப்புறார், நெவில் மறுபடியும். 2-1.

நாற்பத்தொண்ணுல அதே மாரோ. 2-2. பிரேக்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. ரெண்டு தடவை முன்னால போய் ரெண்டு தடவையும் பிடிபட்ட டீம், ட்ரெஸ்ஸிங் ரூம்ல எப்படி இருக்கும்? நம்ம இன்டர் டிபார்ட்மெண்ட் மேட்ச்சுக்கே இந்த நிலைமையில டிஃபென்ஸும் ஃபார்வர்டும் ஒருத்தரை ஒருத்தர் திட்ட ஆரம்பிச்சுடுவாங்க. அவங்க மனசுல ஹெல்சின்கியோட 10-1 வேற இருந்திருக்கும். நாங்கதான் இந்தியா, இனி எப்படியும் தோப்போம்னு ஒரு நெனப்பு வர்றதுக்கு எல்லாக் காரணமும் இருந்துச்சு.

செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சு அஞ்சே நிமிஷம். ஐம்பதாவது நிமிஷத்துல நெவில் மூணாவதை அடிச்சார். 3-2. இந்தத் தடவை மாரோவால பதில் சொல்ல முடியல. எண்பதாவது நிமிஷத்துல கிட்டு, அதாவது ஜே. கிருஷ்ணசாமி, நாலாவதைப் போட்டு மேட்ச்சைப் பூட்டினார். 4-2. இந்தியா செமி ஃபைனல்ல.

ஒலிம்பிக் ஃபுட்பால்ல ஹாட்ரிக் அடிச்ச முதல் ஆசியர் நெவில் டிசோசா. இந்தியாவுக்காக ஹாட்ரிக் அடிச்ச முதல் ஆள்னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா நம்பாதீங்க. 1938-ல் இதே ஆஸ்திரேலியாவுக்கு டூர் போன இந்திய அணியில லம்ஸ்டன் அடிச்சிருக்கார், 50-களோட ஆரம்பத்துல மேவாலால் அடிச்சிருக்கார். எனக்கு நெவிலோட ஹாட்ரிக்ல பிடிச்சது முதலா ரெண்டாவதாங்கற கணக்கு இல்ல. ஸ்கோர் வரிசையை மறுபடி படிச்சுப் பாருங்க. 1-0, 2-1, 3-2. ஏற்கனவே ஜெயிச்சு முடிச்ச மேட்ச்சுல நாலாவது, அஞ்சாவதுன்னு சேர்த்து வச்ச கோல் ஒண்ணு கூட இல்ல. மூணுமே டீமை முன்னால தள்ளின கோல். எதிராளி வந்து வந்து சமன் பண்ண, இவர் போய்ப் போய் முன்னால நிறுத்தியிருக்கார். பலவீனமான டீம்களை ஏழு, எட்டுன்னு வெளுக்கிறப்போ விழுற ஹாட்ரிக்கும் இதுவும் ஸ்கோர் ஷீட்ல ஒரே மாதிரிதான் தெரியும்.

டிசம்பர் 4. செமி ஃபைனல். எதிரே யார் தெரியுமா? யூகோஸ்லாவியா. அதே பத்து கோல் யூகோஸ்லாவியா. ஃபர்ஸ்ட் ஹாஃப் முழுக்க ஸ்கோர் 0-0. ஐம்பத்திரண்டாவது நிமிஷத்துல கோல் விழுது, அடிச்சவர் நெவில். இந்தியா 1, யூகோஸ்லாவியா 0.

அந்த லீடு ரெண்டு நிமிஷம் இருந்துச்சு. ஐம்பத்து நாலுல பாபெச், ஐம்பத்தேழுல வெசெலினோவிச், அறுபத்தஞ்சுல மறுபடி பாபெச். கடைசியா நம்ம சலாம் கால்ல பட்டு நம்ம கோலுக்குள்ளயே ஒண்ணு போச்சு. 4-1. ஆனா அந்த ரெண்டு நிமிஷம், ஒலிம்பிக் ஃபைனலுக்குப் போற பாதையில இந்தியா முன்னால நின்னுச்சு. அதுக்கு முன்னாலயும் சரி, பின்னாலயும் சரி, நம்ம ஃபுட்பால் அந்த உயரத்துக்குப் போனதில்ல.

டிசம்பர் 7-ல வெண்கலத்துக்கான மேட்ச்சுல பல்கேரியா 3-0-னு ஜெயிச்சுட்டாங்க. நாலாவது இடம். போட்டியிலேயே அதிகபட்சமா நாலு கோல் அடிச்சவங்க மூணு பேரு, பல்கேரியாவோட மிலானோவ், யூகோஸ்லாவியாவோட வெசெலினோவிச், நம்ம நெவில். மத்த ரெண்டு பேரும் ஹாட்ரிக் அடிச்சவங்கதான். ஆனா வெசெலினோவிச் அடிச்சது அமெரிக்காவை 9-1-னு வெளுத்த மேட்ச்சுல, மிலானோவ் அடிச்சது பிரிட்டனை 6-1-னு வெளுத்த மேட்ச்சுல. ரெண்டு பேரும் மெடலோட வீட்டுக்குப் போனாங்க. நம்மாளு வெறுங்கையோட வந்தார்.

ஊருக்கு வந்தா வரவேற்பு எப்படி இருந்திருக்கும்? டிசம்பர் 6-ஆம் தேதி, அதாவது வெண்கல மேட்ச்சுக்கு முந்தின நாள், அதே மெல்போர்ன்ல இந்திய ஹாக்கி டீம் பாகிஸ்தானை 1-0-னு ஜெயிச்சுத் தங்கம் வாங்கியிருந்தது. தொடர்ச்சியா ஆறாவது தங்கம்! அந்த வாரத்துல நாடு எதைக் கொண்டாடியிருக்கும்னு தனியாச் சொல்ல வேண்டியதில்ல. தங்கத்துக்குப் பக்கத்துல நாலாவது இடத்துக்கு என்ன மரியாதை?

அப்புறம் நெவிலோட வாழ்க்கையில வெளிச்சம் அவ்வளவா இல்ல. 1960 ரோம் ஒலிம்பிக் அணியில அவர் பேரு இல்ல. பி.கே.தான் அப்போ கேப்டன். 1961-ல் அர்ஜுனா விருது ஆரம்பிச்சாங்க, ஃபுட்பாலுக்கு முதல் விருது பி.கே.க்குப் போச்சு, அடுத்த வருஷம் பலராமுக்கு. ரெண்டு பேருமே தகுதியானவங்க, சந்தேகமே இல்ல. மெல்போர்ன்ல நாலு கோல் அடிச்சவர் மட்டும் அந்தப் பட்டியலுக்கு வெளியவே நின்னுட்டார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல ரஹீம் சார் தங்கம் வாங்கிட்டு வந்து, அடுத்த வருஷம் புற்றுநோயில போய்ச் சேர்ந்தார்.

நெவில் டிசோசா இறந்தது 1980 மார்ச் 16, பம்பாயில. வயசு 47. மெல்போர்ன்ல கூட ஆடினவங்கள்ல பி.கே. 2020 வரைக்கும், கேப்டன் பத்ரு 2022 வரைக்கும், பலராம் 2023 வரைக்கும் இருந்தாங்க. அவங்ககிட்ட மைக் நீட்டின ஒவ்வொரு தடவையும் 1956 கதை கொஞ்சம் கொஞ்சம் வெளிய வந்துச்சு. கோல் அடிச்சவர்கிட்ட கேக்கத்தான் ஆள் இல்லாமப் போச்சு. அந்த மூணாவது கோல் அடிச்ச நொடியில என்ன நெனச்சாருன்னு, யூகோஸ்லாவியாவை முந்தின அந்த ரெண்டு நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு, அவர் வாயால கேக்கணும்னு ஆசையா இருக்கு.

சேத்ரி ரசிகர்கள் கோவிச்சுக்க வேண்டாம். 2008 ஆகஸ்ட்ல டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்துல, ஏஎஃப்சி சேலஞ்ச் கப் ஃபைனல்ல தஜிகிஸ்தானுக்கு எதிரா அவர் அடிச்ச ஹாட்ரிக்காலதான் 27 வருஷத்துக்கப்புறம் இந்தியா ஆசியக் கோப்பைக்குத் திரும்பப் போச்சு. அதுவும் கனமான ஹாட்ரிக்தான். அதை நாம டிவியில பாத்தோம், யூடியூப்ல இப்பவும் பாக்கலாம். நெவிலோடதை நிமிஷக் கணக்கை வச்சு மனசுக்குள்ளதான் ஓட்டிப் பாக்கணும்.

மும்பை போறவங்களுக்கு ஒரு தகவல். பாந்த்ராவுல நெவில் டிசோசா பேர்ல ஒரு கிரவுண்ட் இருக்கு. செயற்கைப் புல் போட்டது. மும்பை லீக் மேட்ச்சுகள் அங்க நடக்குது. இன்டர்ன்ஷிப்புக்கு அந்தப் பக்கம் போற சீனியர் ஒருத்தர்கிட்ட கிரவுண்டு போர்டோட ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். வந்தா அடுத்த இதழ்ல போடுறோம். அதுவரைக்கும் நம்ம மெக்கானிக்கல் பையனுக்கு ஒரு தொப்பி வாங்க வசூல் நடந்துக்கிட்டு இருக்கு. இதுவரைக்கும் அறுபது ரூவா சேர்ந்திருக்கு.