ஜவளகிரிக் காட்டில் ஒலித்த .405: வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன்

சேலம் மாவட்டத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய பாட்டன் பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் இங்கே பலர் உண்டு. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் எல்லாம் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆட்கொல்லிப் புலிக்குப் பயந்து, பொழுது சாயுமுன்பே கதவடைத்த அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கைகொடுத்தவர் கென்னத் ஆண்டர்சன்.

1910 மார்ச் 8ஆம் நாள் செகந்திராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம், ஆறு தலைமுறையாக இந்தியாவில் வாழ்ந்த குடும்பம். வளர்ந்ததும் வாழ்ந்ததும் பெங்களூரில். தமிழும் கன்னடமும் பேசுவார். தபால் தந்தித் துறையில் வேலை பார்த்து, பிறகு விமானத் தொழிற்சாலைக்கு மாறினார். மகாராஜா அல்லர், மாதச் சம்பளக்காரர். அவர் கையில் இருந்த ஆயுதத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

ஆங்கிலேயப் பிரபுக்கள் புலிக்கும் யானைக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார்கள். விலை எட்டாதது. இரண்டு வெடி உடனே கிடைக்கும். மூன்றாவதற்குக் குழலை மடக்கித் திறந்து மறுபடி தோட்டா போட வேண்டும். ஆண்டர்சனிடம் இருந்ததோ அமெரிக்க வின்செஸ்டர் 1895, .405 ரகம். விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் வெறுங்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கீழ்ப்பெட்டியில் நான்கு தோட்டா.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தோட்டா எவ்வளவு நீளமோ, பொறியும் அவ்வளவு தூரம் பின்வாங்கியாக வேண்டும். நீளமான தோட்டா என்றால் நீளமான இழுப்பு. புலி பாய்ந்து வரும் பதற்றத்தில் முழுதாக இழுக்காமல் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது. ஆள் காலி! வின்செஸ்டர் செய்தது இதுதான். அதே துப்பாக்கியில் ஏற்கெனவே ஓடிய .30-40 தோட்டாவின் அடிப்பாகத்தைப் போன்ற அளவிலேயே, கழுத்துக் குறுகாத நேர்க்கூடு ஒன்றைச் செய்து, அகலமான 300 கிரெய்ன் குண்டை வைத்தது. அது ஏறக்குறைய 19 கிராம். வினாடிக்கு 2,200 அடி வேகம். இது 1904இல் வந்தது. ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்கு இதைத்தான் கொண்டுபோனார்.

குறை இல்லாமல் இல்லை. குண்டு தடித்தது, ஆனால் குட்டையானது. யானை, காட்டெருமை போன்ற பெரிய உடம்பில் ஆழமாக இறங்காது. உதைப்பும் தோளைப் பதம் பார்க்கும். ஆனால் புலிக்கும் சிறுத்தைக்கும், அதுவும் பத்தடி இருபதடியில், இதைவிடப் பொருத்தம் கிடைப்பது அரிது என்பதே என் கருத்து. ஜவளகிரிப் பெண்புலியை ஆண்புலியின் குரலில் கூப்பிட்டு வரவழைத்த மனிதருக்குத் தூரத்துக் குறி எதற்கு?

1939 முதல் 1966 வரை, அரசுக் கணக்கில் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளும் 7 புலிகளும் அவர் கையால் மடிந்தன. இடையில், 1950களின் நடுவில், வின்செஸ்டர் அந்தத் தோட்டா தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆண்டர்சனின் முதல் நூல் 1954இல் வெளிவந்தது. பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் கேமராவே அவருக்குப் பிடித்துப்போனது. காட்டைக் காக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

1974 ஆகஸ்டில் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார். ஜவளகிரிக் காடு இன்று காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கும். அங்கே வேட்டைக்குத் தடை.