வளைகோல் ஆசான்

ஜான்சி என்றவுடன் நம் நினைவில் எழுவது இலட்சுமிபாயின் கோட்டை. அந்நகரில் வளர்ந்து அதற்குப் புகழ் தேடித் தந்த மற்றொருவரும் உண்டு. அவர் கையில் ஏந்தியது வாளன்று. நுனி வளைந்த மரக்கோலே. அக்கோலுடன் அவர் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்று வெற்றியோடு மீண்டார். எனினும், ஜான்சி இளைஞரோடு சேர்ந்து ஆடிய ஓர் ஆட்டத்தையே தம் வாழ்வின் சிறந்த ஆட்டமாக அவர் போற்றினார். அவர்தாம் தியான் சந்த்.

1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் அலகாபாத்தில் தியான் சந்த் பிறந்தார். தந்தையார் சமேசுவர சிங் ஒரு படைவீரர். படையில் ஹாக்கி ஆடியவர். படைவீரர் குடும்பம் ஓரூரில் நிலைத்து வாழ்வது அரிது. ஊர்விட்டு ஊர் மாறியதால் சிறுவரின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. இறுதியில் அக்குடும்பம் ஜான்சியில் குடியேறியது. தந்தையார் ஆடிய ஆட்டம் மைந்தரைக் கவர்ந்ததா எனின், இல்லை. இளமையில் அவர் விரும்பியது மற்போரே. படையிற் சேருமுன் குறிப்பிடத்தக்க அளவில் ஹாக்கி ஆடியதாகத் தமக்கு நினைவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். அவர் திறமை முழுவதும் பிறவியிலேயே அமைந்தது என்று கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1922ஆம் ஆண்டில், 17ஆம் வயதில், அவர் பிராமணப் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்னும் சுபேதார் மேஜர் இருந்தார். அவருக்கு ஹாக்கியில் தீராத பற்று. புதிதாக வந்த இளைஞரைக் களத்திற்கு அழைத்துச் சென்று, கோலைப் பிடிக்கும் முறை முதல் எல்லாவற்றையும் கற்பித்தவர் அவரே. அக்கோலின் ஒரு பக்கம் மட்டுமே தட்டையாக இருக்கும். அத்தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். பின்புறம் படுதல் தவறு. ஓடிக்கொண்டே, கோலை நொடிக்கு நொடி திருப்பி, பந்தை விட்டுப் பிரியாது செல்லுதல் எளிய செயலன்று. பகலெல்லாம் படைவேலை செய்த தியான், ஓய்வு கிடைத்த போதெல்லாம் இதனையே பயின்றார். அவருடைய இயற்பெயர் தியான் சிங். நிலவொளியிலும் களத்தை விட்டு அகலாத அவருக்கு, நிலவைக் குறிக்கும் சந்த் என்னும் சொல்லை நண்பர்கள் பெயரோடு சேர்த்தனர் என்பர்.

நான்கே ஆண்டுகளில் அப்பயிற்சி பயன் தந்தது. 1926ஆம் ஆண்டில் நியூசிலாந்துக்குச் சென்ற இந்தியப் படைக்குழுவில் அவர் இடம்பெற்றார். அக்குழு 21 ஆட்டங்களில் 18ஐ வென்றது; தோற்றது ஒன்றே. 1928ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாக ஹாக்கியில் தங்கப் பதக்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் எதிரணியார் எவரும் ஒரு கோலும் போடவில்லை. தியான் சந்த் ஒருவரே 14 கோல்கள் போட்டார். 1932ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்சில் அமெரிக்காவை இந்தியா 24க்கு 1 என வென்றது. அன்று தியான் சந்த் போட்டவை 8. அவர் தம்பி ரூப் சிங் போட்டவை 10.

கோல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவரை அளப்பது எளிது. ஆனால் அவருடன் ஆடியோர் வியந்தது வேறொன்றை. சதுரங்கம் ஆடுவோன் பலகை முழுவதையும் மனத்திற் காண்பதுபோல அவர் களம் முழுவதையும் கண்டார். தம்மவருள் எவர் எங்கே நிற்கிறார், அடுத்த நொடியில் எங்கே இருப்பார் என்பதை அறிந்து, பந்தை அவ்விடத்திற்கு அனுப்பினார். இலக்கின் முன்னுள்ள வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் ஆகும். அவ்விடத்தை அடைந்தவனுக்குத் தானே அடித்துவிட வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பு. அவரோ, தம்மினும் நல்ல இடத்தில் ஒருவர் நிற்பின், அவருக்கே பந்தை ஈந்துவிடுவார்.

1933ஆம் ஆண்டு நடந்த ஆட்டம் இதற்குச் சான்று. ஜான்சி இளைஞர்கள் ஜான்சி ஹீரோஸ் என்னும் கழகம் ஒன்றை நடத்தி வந்தனர். தியான் சந்தும் ரூப் சிங்கும் அதில் ஆடினர். அவ்வாண்டு அச்சிறு நகரத்துக் குழு கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தை எட்டியது. எதிரே நின்றது பெயர் பெற்ற கல்கத்தா சுங்கத்துறைக் குழு. ஆட்டத்தில் சுங்கக் குழுவின் கையே ஓங்கியிருந்தது. அந்நெருக்கடியில் நடுக்களத்தில் தியான் சந்திடம் பந்து கிடைத்தது. அவர் அதனைத் தாம் கொண்டு செல்லவில்லை. காவலர் இருவருக்கும் இடையே தொலைவாக அனுப்பினார். இரயில்வே ஊழியரான இஸ்மாயில் பாதிக் களத்தை ஒரே ஓட்டமாகக் கடந்தார். எதிரணியின் காவலரும் இலக்குக் காப்பாளரும் பந்தை யார் தடுப்பது என ஒரு கணம் மயங்கினர். அக்கணத்தில் இஸ்மாயில் கோல் அடித்துவிட்டார். அன்றைய ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரே கோல். தாம் ஆடியவற்றுள் மிகச் சிறந்தது அவ்வாட்டமே என்று தியான் சந்த் பின்னர் எழுதினார். கோல் போட்டவர் தாமல்லர் என்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

1936ஆம் ஆண்டில் பெர்லினுக்குச் சென்ற இந்தியக் குழுவிற்கு அவர் தலைவரானார். போட்டி தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியர் இந்தியரை 4க்கு 1 என வென்றனர். தலைவருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. உடனே இந்தியாவிலிருந்து தாரா என்னும் ஆட்டக்காரர் வரவழைக்கப்பட்டார். மழையினால் இறுதி ஆட்டம் ஒருநாள் தள்ளி ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. நாடு அப்பொழுது அடிமைப்பட்டிருந்தது. குழு ஏந்திச் சென்ற கொடியும் ஆங்கில அரசின் கொடியே. ஆயினும், துணை மேலாளர் பங்கஜ் குப்தா உடை மாற்றும் அறையில் காங்கிரசின் மூவண்ணக் கொடியை விரித்தார். வீரர்கள் அதனை வணங்கிக் களம் புகுந்தனர். முற்பாதியில் விழுந்தது ஒரே கோல். களம் ஈரமாக இருந்தமையால் தியான் சந்த் ஆணி தைத்த காலணிகளைக் கழற்றி எறிந்து, இரப்பர் அடிப்பாகம் கொண்டவற்றை அணிந்தார். முடிவில் இந்தியா 8க்கு 1 என வென்றது. அவர் ஆட்டத்தைக் கண்ட இட்லர் தம் படையில் உயர்பதவி தருவதாக அழைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. அக்கதையின்றியும் அவ்வெற்றி பெரிதே.

போர் வந்தது, அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளும் நடைபெறவில்லை. அவருடைய 42ஆம் வயதில் இந்தியக் குழு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அழைக்கப்பட்டது. தியான் சந்த் வராவிடின் குழுவே வர வேண்டா என்றனர் அழைத்தவர்கள். அவர் சென்றார், 22 ஆட்டங்களில் 61 கோல்கள் போட்டார். ஒருமுறை இளைஞரான கே. டி. சிங் பாபுவுக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்ததும், அவர் என்ன செய்கிறார் என்று பாராமலே திரும்பி நடந்தாராம். அத்தகைய பந்தையும் கோலாக்க இயலாதவருக்குத் தம் குழுவில் இடமில்லை என்பது அவர் கருத்து. வேடிக்கைபோல் தோன்றினும் அது ஒரு பாடமேயாகும்.

1952ஆம் ஆண்டில் அவர் வரலாறு கோல் என்னும் பெயரில் ஆங்கில நூலாகச் சென்னையில் வெளிவந்தது. 1956ஆம் ஆண்டில் அவர் படையிலிருந்து மேஜராக ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் பெற்றார். பின்னர், இராசபுதனத்து அபு மலையில் நடந்த பயிற்சி முகாம்களில் இளைஞருக்குக் கற்பித்தார். பட்டியாலாவில் 1961ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஹாக்கித் தலைமைப் பயிற்சியாளராகவும் விளங்கினார். பேராற்றல் பெற்றவர்கள் நல்லாசிரியர்களாவது அரிது. தமக்கு எளிதாக வருவது பிறருக்கு ஏன் வரவில்லை என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. தியான் சந்தோ 17ஆம் வயதில் ஒரு சுபேதாரிடம் தொடக்கப் பாடம் கேட்டவர். ஒன்றும் அறியாத நிலையிலிருந்து எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கு அவரே சான்றாக மாணாக்கர் முன் நின்றார்.

ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்த அவர், தம் மைந்தர்களை மட்டும் ஹாக்கியிலிருந்து தடுத்தார். அவ்வாட்டம் புகழ் தரும், சோறு தராது என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டிருந்தார். ஓய்வூதியம் குறைவு, குடும்பம் பெரிது. மைந்தருள் ஒருவரான அசோக் குமார் அத்தடையை மீறி ஆடினார். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பாகிஸ்தானை எதிர்த்து நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் அவரே. அச்செய்தியைக் கேட்கத் தந்தை உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா ஏழாம் இடத்திற்கு இறங்கியதையும் அவர் காண நேர்ந்தது.

1979ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், டில்லியில் ஒரு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் தியான் சந்த் காலமானார். அவருடைய உடல் ஜான்சிக்குக் கொண்டுவரப்பட்டது. எரியூட்ட வேண்டிய இடம் எது என்பதில் அந்நகர மக்களுக்கு ஐயம் இல்லை. இசைவு பெறுவதில் முதலில் சிறிது தடை ஏற்பட்டது. பின்னர் அது நீங்கியது. பஞ்சாப் படைப்பிரிவினர் படை மரியாதை செலுத்த, ஜான்சி ஹீரோஸ் கழகத்தின் ஆடுகளத்திலேயே அவர் உடலுக்கு எரியூட்டினர்.