ரெண்டு வீக்கெண்ட் வீணான கடுப்பு

ஹாமிங் டிஸ்டன்ஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு இரண்டு மார்க் கேள்வி. எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணி, ஹாலை விட்டு வெளியே வரும்போதே மறந்திருப்போம். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருந்தார், அவருக்கு ஒரு பெரிய கடுப்பும் இருந்தது. உங்கள் லேப்டாப் எஸ்எஸ்டி ஒரு ஃபைலை எவ்வளவு சீக்கிரம் படிக்கிறது என்பதில் அந்தக் கடுப்புக்கும் பங்கு இருக்கு.

ரிச்சர்ட் ஹாமிங் 1915 பிப்ரவரி 11-ல் சிகாகோவில் பிறந்தார். ஆசை இன்ஜினியரிங் மேல. (நம்மில் பாதிப் பேர் கதை இதுக்கு நேர் எதிர், அதை விடுங்க.) ஆனால் அது பொருளாதார மந்தநிலைக் காலம். கிடைத்த ஒரே ஸ்காலர்ஷிப் சிகாகோ பல்கலைக்கழகத்தில். அங்கே இன்ஜினியரிங்கே கிடையாது. வேற வழியில்லாமல் கணிதம் எடுத்தார். 1942-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1945-ல் லாஸ் அலமோஸ் போனார். அணுகுண்டுத் திட்டத்தின் விஞ்ஞானிகள் தரும் கணக்குகளை மெஷினில் ஓட்டித் தருவதுதான் வேலை. அடுத்த வருஷமே பெல் லேப்ஸ். அங்கே கொஞ்ச காலம் கிளாட் ஷானனோடு ஒரே ரூமில் உட்கார்ந்திருந்தார். ரூம்மேட் அமைந்தால் இப்படி அமையணும்!

பெல் லேப்ஸில் அவர் பயன்படுத்தியது மாடல் 5 என்ற ரிலே கம்ப்யூட்டர். டிரான்சிஸ்டர் இல்லை, டக் டக்கென்று சத்தம் போடும் ரிலேக்கள்தான். ஒரு எண்ணைக் குறிக்க இத்தனை ரிலேதான் ஆன் ஆக வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒன்று கூடினாலோ குறைந்தாலோ மெஷினுக்குத் தெரிந்துவிடும், நின்றுவிடும். வார நாளில் ஆபரேட்டர் வந்து சரிசெய்வார். வீக்கெண்டில் ஆபரேட்டர் கிடையாது. அப்போது தப்பு வந்தால், மெஷின் அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வரிசையில் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

ஹாமிங்குக்குக் கிடைத்ததே வீக்கெண்ட் நேரம்தான். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தார், கணக்கு முடியலை. பாதியில் தூக்கிப் போட்டிருந்தது. அடுத்த வீக்கெண்டும் அதே கதை. லேப் ரெக்கார்டு முழுசா டைப் பண்ணி, சேவ் ஆகாமல் கரண்ட் போன அனுபவம் உங்களுக்கு இருந்தால் அவர் மனநிலை புரியும். அந்த எரிச்சலில் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. தப்பு நடந்தது என்று மெஷினுக்குத் தெரிகிறது. அப்படியானால் எந்த இடத்தில் தப்பு என்று ஏன் அதற்குத் தெரியக் கூடாது? இடம் தெரிந்தால் அந்த பிட்டைத் திருப்பிப் போட்டால் போச்சு. திரும்ப முதலில் இருந்து ஓட்டவே வேண்டாமே?

அவர் கண்டுபிடித்த வழி இதுதான், கொஞ்சம் கவனியுங்க. ஏழு பிட். 1, 2, 4-ஆம் இடங்களில் செக் பிட்டுகள், மீதி நாலில் டேட்டா. முதல் செக் 1, 3, 5, 7-ஐப் பார்க்கும். இரண்டாவது 2, 3, 6, 7-ஐ. மூன்றாவது 4, 5, 6, 7-ஐ. ஐந்தாவது பிட் கெட்டுப்போகுது என்று வையுங்க. முதல் செக் ஃபெயில், இரண்டாவது பாஸ், மூன்றாவது ஃபெயில். ஃபெயிலான செக் பிட்டுகளின் இடங்களைக் கூட்டுங்க: 1 + 4 = 5. தப்பு நடந்த இடத்தின் நம்பரே விடையாக வந்து நிற்கும்! புக்கில் மேட்ரிக்ஸ் போட்டு பயமுறுத்துகிறார்கள், விஷயம் இவ்வளவுதான்.

இதை உடனே வெளியிட முடியவில்லை. பேட்டன்ட் வேலை முடியட்டும் என்று பெல் லேப்ஸ் நிறுத்தி வைத்தது. 1948-ல் ஷானன் தன் புகழ்பெற்ற கட்டுரையில் ஹாமிங்கின் ஏழு பிட் உதாரணத்தைச் சொன்னார். 1949-ல் மார்சல் கோலே என்பவர் அந்த வழியிலேயே போய்த் தன் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். ஹாமிங்கின் கட்டுரை வந்தது 1950 ஏப்ரலில்.

சரி, எஸ்எஸ்டிக்கு வருவோம். ஃபிளாஷ் செல்லில் இருப்பது கொஞ்சம் மின்னூட்டம். படிக்கும்போது கன்ட்ரோலர் ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜை வைத்து, அதற்கு மேலா கீழா என்று பார்க்க வைக்கிறது. நாளாக ஆக மின்னூட்டம் கசியும், பிட் மாறும். ஒரு செல்லுக்கு ஒரு பிட் இருந்த காலத்தில் 512 பைட்டுக்கு ஒரு பிட் திருத்தினால் போதும், ஹாமிங் கோடே சமாளித்தது. இப்போது ஒரு செல்லில் மூன்று பிட், அதாவது எட்டு நிலைகள். இடைவெளி குறுகிவிட்டது, தப்புகள் பெருகிவிட்டன. அதனால் பிசிஹெச் கோடு வந்தது, பிறகு ராபர்ட் காலகர் 1960-ல் எம்ஐடி ஆய்வேட்டில் எழுதிய எல்டிபிசி வந்தது.

அதற்கும் முடியாவிட்டால்? கன்ட்ரோலர் வோல்டேஜைக் கொஞ்சம் நகர்த்தி அதே பேஜை மறுபடி படிக்கும். இதற்குப் பேர் ரீட் ரீட்ரை. ஒவ்வொரு தடவையும் பல பத்து மைக்ரோ செகண்ட் போகும். யோசிச்சுப் பாருங்க, மாடல் 5-இன் வீக்கெண்ட் பிரச்சினை மைக்ரோ செகண்டில் திரும்ப வந்திருக்கு. 2014-ல் சாம்சங் 840 ஈவோவில் பழைய ஃபைல்கள் மட்டும் ஆமை வேகத்தில் திறந்தன, புதுசு பறந்தது. செல்லின் வோல்டேஜ் நகர்ந்ததுதான் காரணம். கடைசியில் ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்து, பழைய டேட்டாவை அவ்வப்போது புதுப்பித்து எழுத வைத்தார்கள். இன்று பல கன்ட்ரோலர்கள் எந்த பிளாக்குக்குப் போன முறை எந்த வோல்டேஜ் சரிவந்தது என்று குறித்து வைத்து அங்கிருந்தே தொடங்குகின்றன. முதல் தடவையிலேயே சரியாகப் படித்தால் ரீட்ரையே வேண்டாம். ரீட் வேகத்தைக் கூட்டும் வேலையில் பெரும்பங்கு இங்கேதான் என்பது என் கணிப்பு. என்விஎம்இ, பிசிஐஇ என்று பெட்டியில் அச்சடிப்பதெல்லாம் அப்புறம்.

ஹாமிங்குக்கு 1968-ல் டூரிங் விருது கிடைத்தது. 1976-ல் பெல் லேப்ஸை விட்டு, மான்டெரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போனார். 82 வயதிலும் கிளாஸ் எடுத்தார். 1998 ஜனவரி 7-ல் காலமானார். அப்போது டிஜிட்டல் கேமராக்களில் ஸ்மார்ட்மீடியா என்ற மெல்லிய மெமரி கார்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு 256 பைட்டுக்கும் பக்கத்தில் மூன்று பைட் ஒதுக்கியிருந்தார்கள். அந்த மூன்று பைட்டில் இருந்தது ஹாமிங் கோடு.