குன்றின்மேற் கோயில் கண்ட போதகர்

தூர தேசங்களுக்குக் கப்பலேறிச் சென்று சுவிசேஷம் உரைத்த பெரியோர் வரலாறுகளை நாம் மிகுதியும் கற்றிருக்கின்றோம். அவ்வாறு செல்லக் கருதிப் புறப்பட்டு, செல்லாது, ஒரு மாநகரத்தின் தெருக்கூட்டும் ஏழைகளிடையே தங்கிவிட்ட ஒருவர் வரலாறு நம்மவருள் அத்துணை அறியப்பட்டதன்று. அவர் பெயர் பிரீட்ரிக் வான் போடல்ஷ்விங். ஜெர்மானியர் அவரைப் பெத்தேல் என்னும் பெரிய நோயாளர் நிலையத்தின் தந்தையாகப் போற்றுவர். அப்புகழுக்கு முன்னர் அவர் பாரிஸ் நகரிற் கழித்த ஆறாண்டுகளைப் பற்றியே நாம் ஈண்டுப் பெரிதும் எழுதப் புகுந்தோம்.

அவர் 1831-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6-ஆம் நாள் வெஸ்ட்பேலியாவிலே டெக்லன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பிரஷிய அரசின் அமைச்சர். பின்னாளிற் பேரரசராய் முடிசூடிய மூன்றாம் பிரெடரிக் இவருக்கு இளமையில் விளையாட்டுத் தோழர். இத்தகைய குடியிற் பிறந்தோர் அரசியலையோ படைத்தொழிலையோ நாடுவது வழக்கம். இவரோ உழவுத்தொழில் பயின்று, பொமரேனியாவில் கிராமென்ஸ் என்னும் பெரும்பண்ணையில் அலுவல் பார்த்தார். நிலமில்லாக் கூலியாட்கள் படும் துன்பத்தை அவர் அணுகிநின்று கண்டது அங்கேதான். பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு அவர் சிறு மிஷன் பிரசுரங்களை வழங்குவதுண்டு. அவற்றுள் ஏழைச் சீனச் சிறுவன் ஒருவனைப் பற்றிய ஒன்றைத் தாமே படித்தார். மிஷனரியாகவேண்டும் என்று அன்றே உறுதிகொண்டார். இத்தகைய பிரசுரங்களைப் பாடப்புத்தகத்தில் அடையாளத்தாளாக வைத்துக்கொள்ளும் நம்மனோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1854-ஆம் ஆண்டில் அவர் பாசல் நகருக்குச் சென்று இறைநூல் கற்கத் தொடங்கினார். அந்நகரத்து மிஷன் சங்கத்தார் அப்போதே நம் இந்தியாவின் மேல்கரையில் மங்களூர் முதலிய இடங்களில் ஊழியம் நடத்திவந்தனர். பின்னர் எர்லாங்கனிலும் பெர்லினிலும் பயின்று கல்வியை முடித்தார். ஆயினும் அவரைக் கடல்கடந்த நாடு எதுவும் அழைத்துக்கொள்ளவில்லை. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியரிடையே ஊழியம் செய்த லுத்தரன் சபையார்க்கு உதவிப்போதகர் ஒருவர் தேவையாயிற்று. 1858-இல் அவர் அங்குச் சென்றார்.

மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் நகரைப் புதுக்கிய காலம் அது. பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு அகன்ற வீதிகள் எழுந்தன. அவ்வீதிகளைத் துப்புரவாக்கியவர் யாவர்? அவருட் பலர் ஜெர்மனியின் ஹெஸ்ஸ நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்களே. சொந்த ஊரில் நிலம் துண்டுதுண்டாய்ப் பிரிந்து உணவுக்கும் போதாமையால் அவர்கள் வெளியேறினர். அமெரிக்காவுக்குச் செல்லக் கப்பற்கூலி சேர்க்க வந்து, சேர்க்கமாட்டாது தங்கிவிட்டோரும் அவருள் உளர். பொழுது புலருமுன்பே ஆணும் பெண்ணும் துடைப்பமேந்தித் தெருவில் நிற்பர். நகரத்துச் செல்வர் விழித்தெழும்போது தெரு தூயதாயிருக்கும், கூட்டியவர் கண்ணிற் படார். அவர்தம் பிள்ளைகள் நிலையே மிக இரங்கத்தக்கது. பெற்றோர் பேசும் ஜெர்மன் மொழியை எழுதப் படிக்க அறியார். நகரத்தார் பேசும் பிரெஞ்சு மொழியோ தெருவிற் கேட்ட அளவே. இரண்டு நாட்டிற்கும் உரியராய், ஒன்றுக்கும் உரியரல்லராய் அவர்கள் வளர்ந்தனர்.

அமைச்சர் மகனார் இவர்களைத் தேடி நகர்ப்புறத்துச் சேரிகளுட் புகுந்தார். அவர் முதலிற் கூட்டியது பெரிய சபையன்று. சிறியதோர் அறையிற் சில பிள்ளைகளையே. பள்ளியில்லாத மக்களுக்குப் பிரசங்கம் மட்டும் செய்தல் அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை என்றே நாம் கருதுகின்றோம். பின்னர் லாவில்லெத் பகுதியிலே, சுண்ணச் சாந்துக் கற்கள் தோண்டி எடுக்கப்பட்ட குழிகளுக்கு அருகில், விலை குறைந்த ஒரு குன்றுநிலம் கிடைத்தது. தாய்நாட்டில் நண்பரிடமும் உயர்குடியினரிடமும் பொருள் திரட்டி அதனை வாங்கினார். அங்குப் பள்ளி எழுந்தது. 1861-இல் ஆலயமும் எழுந்தது. அதனை மக்கள் குன்றுக்கோயில் என்று வழங்கினர். அவ்வாண்டிலேயே தம் உறவினர் மகளாகிய ஈடா அம்மையாரை மணந்து, வசதிமிக்க தெருவொன்றை நாடாது, அக்குன்றின்மேலேயே குடியமர்ந்தார்.

இவ்வில்லறம் அங்கு நீடிக்கவில்லை. மகப்பேற்றிற்குப் பின் அம்மையார் கொடிய மனச்சோர்வு நோய்க்கு ஆட்பட்டார். 1864-இல் போதகர் பாரிஸை விட்டு நீங்கி, வெஸ்ட்பேலியாவில் டெல்விக் என்னும் சிற்றூரின் சபைப்பொறுப்பை ஏற்றார். தாம் நட்டதை வளருமுன் விட்டுச்செல்லும் துயரம் எத்தகையது என்பதை நாம் ஊகித்தே அறியக்கூடும். அதனினும் பெருந்துயரம் டெல்விக்கிற் காத்திருந்தது. 1869-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இரண்டு வார காலத்திற்குள், கக்குவான் இருமலால் அவர்தம் நான்கு குழந்தைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இதனைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம். மறுநாளே மேற்கொண்டு படிக்க முடிந்தது.

பிற்காலச் செய்திகள் பலரும் அறிந்தவை, சுருங்கக் கூறுவோம். 1872-இல் பீலபெல்டு நகரையடுத்த காக்கைவலிப்பு நோயாளர் இல்லத்தின் தலைமையை ஏற்று, அதனைப் பெத்தேல் என்னும் ஊராகவே வளர்த்தார். வேலையின்றி ஊர்ஊராய் அலைவோர்க்கு 1882-இல் வில்லெம்ஸ்டார்ப் என்னும் உழைப்புக் குடியேற்றம் அமைத்தார். அங்கு வந்தோர்க்குப் பிச்சை இடாமல் வேலையும் உணவும் படுக்கையும் தந்தார். முதியவராய்ப் பிரஷிய சட்டசபையினுட் புகுந்து, அவ்வழிப்போக்கர்க்காகவே 1907-இல் ஒரு சட்டமும் நிறைவேறச் செய்தார். வீடற்றவர்பால் அவர்க்கிருந்த இப்பற்றுக்கு வித்து பாரிஸ் தெருக்களிலேயே விழுந்தது என்பது நம் துணிபு. 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் அவர் காலமானார்.

குன்றுக்கோயில் என்னாயிற்று? 1870-இல் பிரான்சும் பிரஷியாவும் போர் தொடுத்தபோது ஜெர்மானியர் பாரிஸை விட்டு வெளியேற்றப்பட்டனர். போதகரோ அப்போரிற் பிரஷியப் படையுடன் சென்ற குருவானவர். அவர் பள்ளி வைத்த நகரை அவர் நாட்டுப் படை முற்றுகையிட்டது. 1914-இல் தொடங்கிய பெரும்போரில் பிரெஞ்சு அரசு அந்நிலத்தைப் பகைவர் உடைமையெனக் கைப்பற்றியது. பின்னர் அது ஏலத்திற்கு வந்தது. அக்காலத்தில் ரஷியப் புரட்சிக்குத் தப்பிய பல்லாயிரவர் பாரிஸில் வாடகைமோட்டார் ஓட்டியும் ஆலைகளில் உழைத்தும் உயிர்வாழ்ந்தனர். அவர்களுடைய பேராயர் யெவ்லோகி என்பார், 1924-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், தூய செர்கியுவின் திருநாளன்று, அவ்விடத்தை ஏலத்தில் எடுத்தார். பொருளுதவி செய்தோருள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துத் தலைவர் ஜான் மாட் ஒருவர். லுத்தரன் ஆலயத்தின் வெற்றுச்சுவர்களில் ஸ்தெலெத்ஸ்கி என்னும் ரஷிய ஓவியர் தம் நாட்டு முறையிற் புனிதர் உருவங்களைத் தீட்டினார். 1925-இல் அங்கு இறையியற் கல்லூரி திறக்கப்பட்டது. ஹெஸ்ஸத் தெருக்கூட்டுவோர் பிள்ளைகள் எழுத்துக் கற்ற குன்றின்மேல், நாடிழந்த ரஷிய இளைஞர் குருத்துவம் கற்கத் தொடங்கினர்.