நம்ம வீட்டு கெய்சரும் ஜேம்ஸ் ஜூலும்

மார்கழி மாசம் காலையில் திருப்பூரில் பச்சைத் தண்ணியில் குளிக்க தனி தைரியம் வேணும். பழைய 15 லிட்டர் கெய்சரைக் கழட்டிட்டு, டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட் கெய்சர் மாட்டலாமான்னு யோசிக்கிற வீடுகள் நிறைய. அந்தக் கேள்விக்கான கணக்கைப் போட்டுக் கொடுத்துட்டுப் போனவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல்.

கோயம்புத்தூரை தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு சொல்றோம் இல்லையா? அந்த அசல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் 1818 டிசம்பர் 24 அன்று பிறந்தார். அப்பாவுக்கு பீர் ஆலை. ஜூல் பல்கலைக்கழகப் படியே ஏறவில்லை. அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன்தான் அவருக்குக் கணக்கு வாத்தியார்.

ஆலையின் நீராவி எஞ்சினைத் தூக்கிட்டு மின் மோட்டார் போட்டா லாபமா? இந்த வியாபாரக் கேள்வியில்தான் ஆராய்ச்சி ஆரம்பித்தது. பேட்டரிக்கு ஆகும் துத்தநாகம், நிலக்கரியை விட ரொம்ப விலை. மோட்டார் திட்டம் படுத்துடுச்சு. ஆனா 1840-ல் ஒரு விதி கிடைத்தது: கம்பியில் உண்டாகும் வெப்பம், கரன்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது. லண்டன் ராயல் சொசைட்டி அதன் சுருக்கத்தை மட்டும்தான் அச்சடித்தது.

அடுத்து, எடைக்கல் கீழே இறங்க, தண்ணீருக்குள் துடுப்பு சுற்றுகிற ஒரு கருவி செய்தார். தண்ணி ஒரு டிகிரிகூட சூடாகாது. அதையும் துல்லியமா அளந்தார். வேலையே வெப்பமா மாறுதுன்னு 1843-லேயே சொல்லியும் யாரும் கண்டுக்கலை. 1847-ல் ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் சுருக்கமா முடிக்கச் சொன்னாங்க. ஆனா அங்கே உட்கார்ந்திருந்த இளம் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டார். 1850-ல் அதே ராயல் சொசைட்டி ஜூலை உறுப்பினராக்கியது.

இப்போ நம்ம கெய்சருக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணி ஒரு டிகிரி செல்சியஸ் ஏற சுமார் 4,186 ஜூல் வேணும். 25-லிருந்து 40 டிகிரிக்குப் போக கிட்டத்தட்ட 63,000. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கெய்சர் நொடிக்குத் தருவது 3,000 ஜூல். ஆக, லிட்டருக்கு 21 நொடி. நிமிஷத்துக்கு மூணு லிட்டருக்கும் கொஞ்சம் கம்மி. குழாயை முழுசா திறந்தா வெதுவெதுப்புதான் மிஞ்சும். தண்ணியைச் சூடாக்கத் தேவையான ஜூல் ரெண்டு கெய்சருக்கும் ஒண்ணுதான். மிச்சமாவது, டேங்கில் சும்மா நின்னு ஆறிப்போற வெப்பம் மட்டும். ஒருத்தர் பக்கெட்டில் குளிக்கிற வீட்டுக்கு இன்ஸ்டன்ட் போதும். ஷவரும் வேகமும் வேணும்னா டேங்க்தான் சரி. எதுவானாலும், மாட்டும் முன்னாடி வயரிங் அந்த 3 கிலோவாட்டைத் தாங்குமான்னு எலக்ட்ரீஷியனிடம் கேளுங்க.

1889 அக்டோபர் 11 அன்று ஜூல் மறைந்தார். ஆற்றலின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியதும் அதே வருஷம்தான். கல்லறைக் கல்லில் அவர் அளந்த எண் இருக்கிறது: 772.55. ஒரு பவுண்டு தண்ணியை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கத் தேவைப்படும் வேலை, அடி-பவுண்டு கணக்கில்.