ஏரிக்கரையும் பிளேஸ் துரையும்

செங்கற்பட்டு நாட்டின் பெருமை கூறப் புகுவோர் மாமல்லபுரத்துக் கற்றளிகளையே முதற்கண் எடுத்துரைப்பர். பல்லவர் பாறையிற் சமைத்த அவற்றின் சிறப்பை நாம் மறுப்போமல்லோம். எனினும், அந்நாட்டு மக்களுக்குச் சோறளிப்பன மண்ணாலாகிய ஏரிக்கரைகளே. அவற்றுள் வேடந்தாங்கல் ஏரியின் கரை, நீரைத் தேக்குவதோடு, பறவைகளை இடையூறின்றிக் காண்டற்குரிய மேடையாகவும் விளங்குகின்றது. அவ்விடம் புள்ளினத்திற்குப் புகலிடமாக நிலைபெறத் துணைநின்ற லயனல் பிளேஸ் என்னும் கலெக்டரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

கடற்கரை மல்லையும் காஞ்சியும் உள்ளிட்ட இந்நிலப்பரப்பை ஆர்க்காட்டு நவாபு 1763-ஆம் ஆண்டிற் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு நேர்ந்தது. ஊர்கள் பாழாயின, குடிகள் சிதறினர், பேணுவாரின்றி ஏரிகள் உடைந்தும் தூர்ந்தும் கிடந்தன. இந்நிலையிலேதான் 1794-இல் பிளேஸ் துரை ஜாகீரின் கலெக்டராய் வந்தார். நீரில்லையேல் விளைவில்லை, விளைவில்லையேல் வரியுமில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஏரிகளைச் செப்பனிடுதலில் ஊக்கங் கொண்டார்.

மதுராந்தகம் ஏரியைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தி யாவரும் அறிந்ததே. அடைத்த கரை மீண்டும் உடையுமென அஞ்சிப் பெருமழை பெய்த ஓர் இரவிற் காணச் சென்ற துரை, வில்லேந்திய வீரர் இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டாராம். கரை உடையவில்லை. அதன்பின் அவர் அங்குள்ள இராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தார் என்பர். ஏரி காத்த இராமர் என்னும் பெயரோடு கலெக்டரின் பெயரும் அவ்வூரில் இன்றளவும் வழங்குகின்றது.

ஆயினும், பிளேஸ் துரையை அருளே வடிவானவர் என்று புகழ்ந்துரைத்தல் உண்மையாகாது. வரி தண்டுவதில் அவர் கடுமை மிக்கவர். அவருடைய ஏற்பாடுகளைப் பொறாத பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர் சிலர் ஊரை நீங்கி வெளியேறவும் நேர்ந்தது. அவர் ஏரிகளைப் பேணியதில் கும்பினியின் வருவாயும் ஒரு நோக்கமாயிருந்தது என்பதை நாம் மறைத்தற்கில்லை.

அத்தகைய கடுமை மிக்க அதிகாரியிடத்தே வேடந்தாங்கல் மக்கள் ஒரு முறையீட்டைக் கொண்டு சென்றனர். வேடரை நினைவூட்டும் பெயருடைய அவ்வூரின் சிற்றேரியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் முதலியன வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலிற் பாய்ந்து எருவாகும். ஆதலின் ஊரார் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பேணி வந்தனர். ஆங்கிலச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தவே, குடிகள் கலெக்டரிடம் முறையிட்டனர் என்பர். பிளேஸ் துரை செவிசாய்த்தார். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு உறுதிசெய்து, 1798-இல் கௌல் என்னும் சீட்டு வழங்கினார். அமெரிக்க நாட்டார் எல்லோஸ்டோன் காட்டைத் தேசியப் பூங்காவாக்கியது 1872-இலேதான். அதற்கு 74 ஆண்டுகட்கு முன்னரே நம் நாட்டுச் சிற்றூரார் இக்காவலைப் பெற்றுவிட்டனர்.

அவ்வேரியின் அமைப்பை நோக்குவோம். ஏரியைத் தோண்டிய மண்ணே கரையாகின்றது. தொலைவிலிருந்து கொணரும் பொருள் வேண்டா. கரையின் ஒருபால் நீர், மறுபால் வயல். நீரினுள் நிற்கும் கடப்பை மரங்களிற் பறவைகள் கூடு கட்டுதலின், நிலத்து விலங்குகள் எளிதில் அவற்றை அணுகா. காண்போர் கரையோடு நின்றுவிடுதலின் பறவைகளும் வெருவுவதில்லை. உழவனுக்கும் புள்ளுக்கும் பார்வையாளனுக்கும் ஒருங்கே பயன்படும் இத்தகைய கட்டடம் பிறிதொன்று உண்டோ? இக்காலத்தே சரணாலயங்களிற் காட்சிக் கோபுரம் எழுப்புவோர், கல்லும் இரும்பும் நாடுமுன் இக்கரையினிடத்துப் பாடங் கேட்டல் நலம்.

பிளேஸ் துரை 1798-இற் பதவி நீங்கினார். அடுத்த ஆண்டு அவர் விடுத்த விரிவான அறிக்கை, இந்நாட்டு நிலவுரிமையை ஆராய்வார்க்குக் கருவூலமாயிற்று. அவர் அளித்த கௌல் 1858-இற் புதுப்பிக்கப்பெற்றது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உடைய அவ்வேரி 2022-இல் உலகச் சிறப்பு வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது.

அவர் அரும்பாடுபட்டுத் தண்டிய வரிப்பணம் எங்கே சென்றதென்று இன்று கேட்பாரில்லை. ஏழைக் குடிகளின் சொல்லைக் கேட்டு அவர் எழுதித் தந்த ஒரு சீட்டோ இருநூறு ஆண்டுகளைக் கடந்து பயன் தருகின்றது. அறிந்து காத்தவர் ஊரார். அவர்தம் அறிவை மதித்து ஏற்றவர் கலெக்டர். ஆளுவோர்க்கு அழியாப் புகழ் தருவது அம்மதிப்பே என்பது நம் துணிபு.