கொட்டை எழுத்தைப் பரப்பிய பாரிஸ்டர்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்... பேப்பர் கடையில் தொங்கும் போஸ்டரைப் பாருங்க. தடித்து ஒடுங்கிய கொட்டை எழுத்து! ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவர் கண்ணையும் இழுக்கும். தமிழ்ப் பத்திரிகையில் இந்தப் பாணியை ஊர் ஊராகப் பரப்பியவர் சி.பா.ஆதித்தனார்.

1905-ல் திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் பிறந்தார். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. சிங்கப்பூரில் வக்கீல் தொழில், நல்ல வருமானம். அதை விட்டுவிட்டு ஊர் திரும்பி, 1942-ல் மதுரையில் ‘தந்தி’ பேப்பரைத் தொடங்கினார்.

அன்றைக்குப் பேப்பர் என்றால் படித்தவர் சமாசாரம். கூலியாளும் ரிக்ஷாக்காரரும் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டும் என்பது இவர் எண்ணம்.

அதில் ஒரு சிக்கல். தமிழ் எழுத்து அகலம், வார்த்தையும் நீளம். பெரிய எழுத்தைப் போட்டால் வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கும். ஒடுக்கித் தடிமனாக்கினால் ‘ண’, ‘ஞ’ சுழிகள் மையில் அடைபடும். ஆக, எழுத்தை நெருக்கினால் மட்டும் போதாது, வார்த்தையையும் குறைக்கணும்!

அதைச் செய்தார் ஆதித்தனார். பேச்சுத் தமிழில், கொச்சை நீக்கி, சின்னச் சின்ன வார்த்தையில் எழுதச் சொல்லி நிருபர்களுக்குக் கையேடே போட்டார்.

பண்டிதர்கள் முகம் சுளித்தனர். டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி நின்று மற்றவர்கள் கேட்பார்கள். அந்தக் கொட்டை எழுத்தைப் பார்த்தே படிக்கப் பழகியவர்களும் உண்டு.

1954-ல் நெல்லையில் ‘மாலை முரசு’ தொடங்கினார். 1967-ல் சபாநாயகர், பிறகு அமைச்சர். 1981 மே 24-ல் காலமானார். எழும்பூர் ஹாரிஸ் ரோடு இன்று ஆதித்தனார் சாலை.